விரிசல் நாற்பத்தொன்று, வாலில்லாத பல்லி மூன்று

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வீரபாண்டி கௌமாரியம்மன் சாட்சி. செலின் வேதக்காரப் பெண் என்பதால் அவளுடைய மாதாவும் சாட்சி. இரண்டு பேரையும் நம்பாதவர்களுக்காக எண்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பின்னட்டையில் பதினாறாம் வாய்ப்பாடு வரை அச்சடித்தது, முன்னட்டையில் காப்பிக் கறை படிந்தது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டத் தயார். இவ்வளவு ஆதாரத்தோடு தேனியில் வேறு எந்தச் சம்பவமும் நடந்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருசம் வைகாசியில் ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்கு வந்த பஸ்ஸில் செலின் வாயைத் திறக்கவில்லை. அத்தனை கோபம். அவள் உட்கார்ந்திருந்த சீட்டின் கம்பி சுடுகிறது என்று கண்டக்டர் மூன்று முறை இடம் மாறி நின்றார். பக்கத்தில் இருந்த அவள் புருசன் பங்கிராஸ் வாத்தியாருக்குக் கோபமே வராது. வீட்டுக்கு என்று ஒதுக்கிய கோபம் மொத்தத்தையும் செலினே எடுத்துக்கொண்டுவிட்டதால் அவருக்கு மிச்சம் எதுவும் வைக்கவில்லை.

நடந்தது இதுதான். வாத்தியாருக்குத் தேனி மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்தது. ஆண்டிபட்டியில் சாமான்களைக் கட்டி வாசலில் வைத்த பிறகு வீட்டுக்காரன் வந்தான். முன்னறைச் சுவரில் இருந்த விரிசலுக்குள் விரலை விட்டான். “ஒம் மிஷினு தடதடன்னு அடிச்ச அடியிலதான் சுவரு வாயப் பொளந்துருச்சு. சுவரக் கட்டிக் குடு, இல்லாட்டி மிஷின வச்சுட்டுப் போ” என்றான். அந்த விரிசல் அவர்கள் குடிவந்த அன்றே இருந்தது. முதல் நாளே செலின் அதில் தீப்பெட்டியைச் செருகி வைத்தாள். மூன்று வருசமும் அதுதான் தீப்பெட்டி வைக்கிற இடம். ஆனால் யார் சாட்சி சொல்வது? தீப்பெட்டியா சொல்லும்? அவளுடைய அப்பா பசுமாட்டை விற்று வாங்கித் தந்த தையல் மிஷின் அங்கேயே நின்றுவிட்டது.

தேனியில் இறங்கினதும் செலின் நேராகக் கடைவீதிக்குப் போனாள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றி விற்று, பழைய கால்மிஷின் ஒன்றை வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“இங்கன பாருங்க. இனிமே ஒரு வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறதுன்னா, அந்த வீட்டுல எங்கெங்க ஓட்ட, எங்கெங்க ஒடசல்னு மொதல்ல எழுதணும். எழுதி வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டப்பறந்தான் உள்ள போறது. இந்த மிஷின ஒருத்தன் தொட்டான்னு வைங்க, தொட்ட கையில காஜா எடுத்துருவேன்.”

“எழுதிருவோம்” என்றார் வாத்தியார். எழுதுவது என்றால் அவருக்குச் சந்தோசம். பள்ளிக்கூடத்தில் தளவாடப் பதிவேடு அவர் பொறுப்பில்தான் இருந்தது. பெஞ்சு, நாற்காலி, மணி, உலக உருண்டை என்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கையும் நிலையும் போட்டு எழுதி வைக்க வேண்டும். உடைந்த நாற்காலி என்று எழுதியிருந்தால் உடைந்த நாற்காலி இருந்தே ஆக வேண்டும். அந்தக் கணக்குக்காகவே ஒற்றை நாற்காலிக் கால் ஒன்றை ஏழு வருசம் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்த மனுசர் அவர்.

வீடு அல்லிநகரத்தில் கிடைத்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. சொந்தக்காரர் சுயம்புலிங்கம், கடைவீதியில் மிளகாய் வத்தல் கமிசன் மண்டி வைத்திருந்தார். இடையில் ஆள் இல்லாத காலத்தில் அந்த வீட்டில்தான் வத்தல் மூட்டைகளை அடுக்குவார். அந்த நெடி சுவருக்குள் இறங்கி, வீட்டுப் பல்லிகள் எல்லாம் ‘சக் சக்’ என்பதை விட்டுவிட்டுத் தும்ம ஆரம்பித்திருந்தன. குடியிருந்தவர்கள் யாரும் ஒரு வருசத்துக்கு மேல் தாங்கியதில்லை. காலி செய்கிற அன்று ஏதாவது ஒரு ஒடசலைக் காட்டி, ஏதாவது ஒரு சாமானைப் பிடித்து வைத்துக்கொள்வது சுயம்புலிங்கத்தின் வழக்கம். அப்படிச் சேர்ந்த சுவர்க்கடிகாரம் மட்டும் அவர் வீட்டில் ஐந்து ஓடியது. ஐந்தும் ஐந்து நேரம் காட்டின. ஆட்டுக்கல் மூன்று.

சாவியைக் கொடுக்க வந்தவர், வாசலுக்கு வெளியே கழுத்தில் இஞ்சு டேப்போடு நின்ற செலினைப் பார்த்தார்.

“பாலக் காய்ச்சிருவமா வாத்தியாரே?”

“காய்ச்சலாம் அண்ணாச்சி” என்றாள் செலின். “மொதல்ல எழுதணும்.”

“எத எழுதப் போற ஆத்தா?”

“ஒங்க வீட்ட.”

“வீட்டுக்குத்தான் எம்பேர்ல பத்திரம் இருக்கே. நீ எதுக்குத் தனியா எழுதணும்?”

“பத்திரத்துல நாலு எல்லை இருக்கும் அண்ணாச்சி. ஓட்ட இருக்குமா?”

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மதில்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “கேளுத்தா, நல்லாக் கேளு! பதினோரு வருசமா இந்த வீட்டுல இருந்து அழுதுகிட்டுப் போனவுகளத்தான் பாத்துருக்கேன். அளந்துகிட்டு வந்தவள இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

சுயம்புலிங்கத்தின் முகம் அவர் மண்டி வத்தல் நிறத்துக்கு வந்தது. திரும்பிப் போயிருப்பார். ஆனால் வீடு ஒன்பது மாசமாகப் பூட்டிக் கிடந்தது, யாரும் வரவில்லை. “எழுது, எழுது. என்னத்த எழுதிக் கிழிக்கப் போற” என்று வாசல்படியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தவரால் மூன்று நாள் அந்த வீட்டை விட்டு நகர முடியவில்லை.

செலின் அளந்து சொல்லச் சொல்ல வாத்தியார் அந்த எண்பது பக்க நோட்டில் எழுதினார். வரிசை எண், பொருள், எண்ணிக்கை, நிலை என்று நான்கு கட்டம். நடுவில் கார்பன் தாள். தையற்காரி அளக்கிற அளவுதான் அவளுக்குத் தெரியும்.

“அடுப்படி, கெழக்குச் சுவரு. விரிசல் ஒண்ணு. ஒசரம் முப்பத்தாறு. தோள்பட்ட கால் இஞ்சு, இடுப்பு அரை, எறக்கம் முக்கா. கீழ ரெண்டு சுருக்கம் விழுந்துருக்கு.”

“சுருக்கம் ரெண்டு” என்றபடி எழுதினார் வாத்தியார்.

“என்னய்யா இது, சுவருக்கு ரவிக்கையா தைக்கப் போறீக?” என்று சீறினார் சுயம்புலிங்கம்.

“தச்சாலும் தைப்பேன். நகருங்க, ஒங்களுக்குப் பின்னாடி ஒரு விரிசல் இருக்கு.”

இருபத்தேழாவது விரிசல்தான் பெரியது. நடு அறையின் மேற்குச் சுவரில், உத்தரத்திலிருந்து தரை வரைக்கும் எண்பத்தொன்பது இஞ்சு. சும்மா இருக்கும்போது விரல் நுழையும். மதுரையிலிருந்து போடி போகிற ரயில் கடந்தால் வாய் மாதிரித் திறக்கும், ரயில் போனதும் மூடிக்கொள்ளும். அகப்பட்டது உள்ளே போய்விடும். அன்றைக்கு ரயில் வந்தபோது சுயம்புலிங்கம் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார். அவர் தோளில் கிடந்த துண்டில் பாதி உள்ளே போனது. இழுத்துப் பார்த்தார். விரிசல் விடவில்லை. கிழித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

“இது என்ன அண்ணாச்சி?”

“காத்தோட்டத்துக்கு விட்டது.”

செலின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “எழுதுங்க. இருபத்தேழு. காத்தோட்டத்துக்காக வீட்டுக்காரரே விட்டது. உள்ள பாதித் துண்டு இருக்கு.”

விரிசல்கள் நாற்பத்தொன்றில் முடிந்தன. ஓட்டை ஓடு பத்தொன்பது, கீல் இல்லாத கதவு ஒன்று, கதவு இல்லாத கீல் இரண்டு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பல்லிகளையும் சேர்த்தார். ஒவ்வொரு பல்லியும் ஒவ்வொரு குரலில் தும்மியதால் கண்ணை மூடிக்கொண்டே எண்ண முடிந்தது. பல்லி பதினேழு. வாலுள்ளவை பதினான்கு, வாலில்லாதவை மூன்று.

மூன்றாம் நாள் தெருவே கூடிவிட்டது. பாண்டியம்மாள் ஒவ்வொரு வரியையும் வாத்தியாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க மற்றவர்களும் சிரித்தார்கள். சுயம்புலிங்கம் கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா முள் வளைந்தது. கார்பன் நகலைக் கிழித்து மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

“வாத்தியாரே, தெருவக் கூட்டிச் சிரிக்க வச்சுட்டீக. இந்தக் காகிதம் எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. மறந்துராதீக.”

வாத்தியார் மறக்கவில்லை, கவனிக்கவே இல்லை. அவர் தன் கையெழுத்துக்கு மேலே, கை பழகிய பழக்கத்தில், பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதுகிற வாசகத்தையும் எழுதி முடித்திருந்தார். ‘மேற்கண்ட இனங்கள் யாவும் எண்ணிச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன். பொறுப்பிலிருந்து விலகும்போது எண்ணிக்கை குறையாமல், நிலை மாறாமல் ஒப்படைப்பேன்.’ அடியில் கோடு போட்டு முத்து முத்தாக எழுதியிருந்தார்.

குடித்தனம் ஆரம்பித்தது. செலினின் கோபமும் அங்கே தனியாக ஒரு குடித்தனம் நடத்தியது. சுயம்புலிங்கம் மாசா மாசம் வருவார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஆணி அடித்திருக்கிறதா என்று மாதா படத்தைத் தூக்கிப் பார்ப்பார். “ஒங்க ஆளுக என்னென்னமோ சமைப்பீகளாம்ல” என்று அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சுவார். வத்தல் வியாபாரியின் மூக்குக்கு ஒன்றும் தெரியாது என்பது வேறு விசயம். அவர் போனதும் செலின் மிஷினில் உட்கார்ந்து மிதிக்கிற மிதியில், அரைமணி நேரத்தில் ஆறு பாவாடை தைத்து முடித்துவிடுவாள். அல்லிநகரத்தில் அந்த மூன்று வருசம் பாவாடைக்குப் பஞ்சமே வரவில்லை.

விரிசல்களுக்குள்ளிருந்து தேள் விழுந்தது, மழை விழுந்தது. வடக்கு விரிசல் வழியாகப் பாண்டியம்மாள் வீட்டுச் சண்டை விழுந்தது. அடைத்துத் தரச் சொல்லிக் கேட்டதற்குச் சுயம்புலிங்கம் பல்லைக் காட்டினார்.

“பட்டியல்ல இருக்குறதுதான ஆத்தா? அளந்து பாத்துத்தான வந்தீக?”

ஒரு நாள், முகூர்த்தத்துக்குத் தைத்து வைத்த பட்டு ரவிக்கை மேற்குச் சுவரோரம் இருந்தது. காலை பத்தரை ரயில் வந்தது. இருபத்தேழாவது விரிசல் திறந்தது, மூடியது. ரவிக்கையில் கொக்கி மட்டும் வெளியே மிச்சம். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து கேட்ட கேள்விக்கெல்லாம் செலின் தலை குனிந்து நின்றாள். அவர்கள் போன பிறகு கடைத்தெருவுக்குப் போய்ச் செம்புக் கம்பி ஒரு சுருளும் கோணி ஊசி ஒன்றும் வாங்கி வந்தாள்.

“என்ன செய்யப் போற செலின்?” என்றார் வாத்தியார்.

“நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. ஊசி வந்தா வாங்கித் திருப்பி அனுப்புங்க.”

சுவரைத் தைத்தாள். உள்ளிருந்து அவள் குத்துவாள். வெளியிலிருந்து வாத்தியார் வாங்கித் திருப்பிக் குத்துவார். இருபத்தேழாவது விரிசலுக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு தையல். அதுவும் இரட்டைத் தையல். நூலை வீணாக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை என்பதால் கம்பியை எங்கேயும் அறுக்காமல், ஒரு விரிசல் முடிந்த இடத்திலிருந்தே அடுத்ததைத் தொடங்கினாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தைப்பு. நாற்பத்தொன்றையும் ஒரே கம்பியில் முடித்து, நடு அறையில் காலண்டருக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். மேலே கருப்பட்டி கலந்த சுண்ணாம்பு பூசினாள், ஓட்டை ஓடுகளையும் மாற்றினாள். போடி ரயில் வந்தபோது சுவர் ஒரு முறை சிலிர்த்ததோடு சரி. பாண்டியம்மாள் மதிலைத் தாண்டி வந்து தடவிப் பார்த்தாள்.

“ஏத்தா, எங்க வீட்டுக்காரரு வாயி இப்படித்தான் எந்நேரமும் தெறந்தே கெடக்கு. கம்பி மிச்சம் இருக்கா?”

நெடி போனது. பல்லிகள் தும்முவதை விட்டு மறுபடி ‘சக் சக்’ என்றன. செலினுக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போது மட்டும் முகம் கொஞ்சம் தணியும். சட்டை, பாவாடை எல்லாம் போட்டவர்களோடு போய்விடும். இது ஒன்றுதான் அவள் தைத்து அவள் கண்முன்னேயே இருந்தது.

எழுபத்துநான்கு வைகாசியில் வாத்தியாருக்குக் கம்பத்துக்கு மாறுதல். டிரைவர் மொக்கைச்சாமி லாரியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கம்பத்துத் திராட்சை ஏற்றி இறக்குகிற வண்டி, திரும்பிப் போகும்போது காலியாகத்தான் போகும். பாத்திரம், கட்டில், புத்தகப் பெட்டி எல்லாம் ஏறின. மிஷின் மட்டும் நடு அறையில் நின்றது. அதை வேறு யாரும் தூக்கக் கூடாது என்று செலின் சொல்லியிருந்தாள். அவள் அடுப்படியைக் கழுவிவிட்டு வருவதற்குள் சுயம்புலிங்கம் உள்ளே வந்து, மிஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, மிஷின் தலைமேல் கையை வைத்திருந்தார்.

“கைய எடுங்க அண்ணாச்சி.”

“எடுக்குறேன் ஆத்தா. மொதல்ல கணக்கு முடியட்டும்.” மடியிலிருந்து கார்பன் நகலை எடுத்தார். மூன்று வருசமாக மண்டியில் உட்கார்ந்து தினமும் படித்ததில் அது மடிப்பு மடிப்பாக நைந்து போயிருந்தது. “விரிசல் நாப்பத்தொண்ணு. எங்க?”

செலினுக்குப் புரியவில்லை. “அடச்சாச்சு. பாத்தா தெரியலையா?”

“யாரக் கேட்டு அடச்சீக?”

“நீங்க அடைக்க மாட்டேன்னீக. நான் அடச்சேன். வீடு இப்பத்தான வீடாட்டம் இருக்கு?”

“வீடு எப்படி இருந்தா ஒனக்கென்ன? நான் குடுத்தது நாப்பத்தொரு விரிசல். எண்ணி வாங்கிக்கிட்டேன், எண்ணிக்க கொறையாமத் திருப்பித் தாரேன்னு ஒம் புருசன் கையெழுத்துப் போட்டிருக்காரு. கோடு வேற போட்டிருக்காரு. ஏ வாத்தியாரே, வாசிங்க. தெருவுக்குக் கேக்குறாப்புல வாசிங்க. அன்னைக்கு நல்லா வாசிச்சீகளே!”

வாத்தியார் வாசித்தார். கடைசி வாசகத்தைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் வாசித்தார். வாசலில் மறுபடியும் தெரு கூடியிருந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“இத எதுக்கு எழுதுனீக?” என்றாள் செலின்.

“பழக்கம் செலின். எல்லாப் பதிவேட்டுலயும் கடைசில அப்படித்தான் எழுதுறது.”

அவள் பார்த்த பார்வையில் வாத்தியாரின் சட்டைக் காலர் வெந்நீரில் போட்டதுபோல ஒரு இஞ்சு சுருங்கியது. மிஷினைக் காப்பாற்ற எழுதிய எழுத்து. அந்த எழுத்தே மிஷினைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. ஆண்டிபட்டிக்காரனாவது விரலை மட்டும்தான் காட்டினான்.

“ஓட்ட ஓடு பத்தொம்போது, மாத்திட்டீக” என்று சுயம்புலிங்கம் தாளில் விரலை ஓட்டினார். “பல்லி பதினேழு. மேல இருக்கு, எண்ணிட்டேன். ஆனா வாலில்லாத பல்லி மூணு எங்க?”

“வாலு மொளச்சிருச்சு அண்ணாச்சி” என்றார் வாத்தியார்.

“அப்ப நிலை மாறிருச்சுல்ல? நிலை மாறாமன்னு நீங்கதான எழுதிருக்கீக?”

“ஏய், நீயெல்லாம் ஒரு மனுசனா!” என்று வாசலிலிருந்து பாண்டியம்மாள் கத்தினாள். “அந்தப் புள்ள மூணு வருசம் காதுல கம்மலு இல்லாம இருந்து ஒஞ் சுவரத் தச்சிருக்கு. ஒன் வீட்டுல அஞ்சு கெடியாரம் ஓடுதே, ஒண்ணாச்சும் ஒனக்கு நல்ல நேரம் காட்டுதா?”

“நீ சும்மா இரு. இது எழுத்து விவகாரம்.”

செலினுக்குக் கோபம் ஏறினால் குரலும் ஏறும். அதையும் தாண்டி ஏறினால் குரல் இறங்கிவிடும். அப்படி இறங்கியதை வாத்தியார் கல்யாணமான பிறகு ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தார். அவர் மெதுவாக மொக்கைச்சாமியின் கையைப் பிடித்து லாரிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார்.

“அண்ணாச்சி” என்றாள் செலின், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “கடைசியாக் கேக்குறேன். அடச்ச சுவரு வேணுமா, விரிசல் வேணுமா?”

“விரிசல்தான் வேணும். அளவு மாறாம வேணும். ஒண்ணு கொறஞ்சாலும் மிஷினு இங்கனதான் கெடக்கும்.”

“பாண்டியம்மாக்கா, கேட்டீகளா?”

“கேட்டேன்த்தா. தெருவே கேட்டுச்சு.”

செலின் காலண்டரைக் கழற்றினாள். தையல் பிரிக்கிற பாதி பிளேடு எப்போதும் அவள் முந்தானை முடிச்சில் இருக்கும். அதை எடுத்துச் சுண்ணாம்பைச் சுரண்டினாள். செம்பு முடிச்சு மின்னியது. ஒரு அறுப்பு. கம்பி நுனியை உள்ளங்கையில் நான்கு சுற்றுச் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

“எதுக்கு நிக்கிற?” என்றார் சுயம்புலிங்கம்.

“பத்தரை வண்டிக்கு.”

ஊதல் கேட்டது. தரை அதிர்ந்தது. செலின் இழுத்தாள்.

காடாத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் கேட்குமே, அந்தச் சத்தம். இருபத்தேழு முதலில் பிரிந்தது. அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கம்பி சுவர் சுவராக ஓடியது. அடுப்படியில் போய்த் திரும்பி வந்தது. சுண்ணாம்புத் தூளுக்குள் நின்றபடி, வாய்ப்பாடு ஒப்பிக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் எண்ணைச் சொன்னாள். “முப்பத்தாறு. வாங்கிக்கங்க. முப்பத்தேழு. வாங்கிக்கங்க.” நாற்பத்தொன்று என்று சொன்னபோது கம்பி முழுவதும் அவள் காலடியில் சுருளாகக் கிடந்தது. வீடு தையல் விட்ட சட்டை போல முன்பாகம் வேறு, முதுகு வேறு, கை இரண்டும் வேறாகப் பிரிந்து நாலு பக்கமும் மெள்ளச் சாய்ந்து படுத்துக்கொண்டது. ஒருத்தர்மேலும் ஒரு கல் விழவில்லை. கூரை மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கத்து வேப்பமரத்தில் போய் உட்கார்ந்தது. ஓடு ஒன்றுகூட உடையவில்லை. ஓட்டை விழ வேண்டிய பத்தொன்பதிலும் காக்காய் கொத்தினாற்போல் அளவாக ஓட்டை விழுந்திருந்தது.

சுவருக்குள் இத்தனை வருசம் அடைந்து கிடந்த வத்தல் நெடி சிவப்பாகக் கிளம்பியது. அல்லிநகரம் தும்மியது. ரயில் டிரைவர் தும்மி வண்டியை நிறுத்தினார். வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தும்மினார்கள். போடிக்கு அன்று போய்ச் சேர்ந்தவர்களின் மூக்கைப் பார்த்தே எந்த வண்டியில் வந்தார்கள் என்று சொல்ல முடிந்தது.

புழுதி அடங்கியபோது சுயம்புலிங்கம் வெட்டவெளியில் முக்காலிமேல் உட்கார்ந்திருந்தார். கை இன்னும் மிஷின்மேல்தான் இருந்தது. தலையில் பாதித் துண்டு ஒன்றும், மடியில் கொக்கியில்லாத பட்டு ரவிக்கை ஒன்றும் கிடந்தன.

அப்போதும் அந்த மனுசர் விடவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு, “வாலில்லாத பல்லி மூணு...” என்றார்.

உத்தரம் போய்விட்ட பல்லிகள் பதினேழும் அவரைச் சுற்றித் தரையில் திகைத்து நின்றன. அவர் குரலைக் கேட்டதும் அதில் மூன்று பயந்து வாலைப் போட்டுவிட்டு ஓடின. அவருடைய வலது காலுக்குப் பக்கத்தில் மூன்று வாலும் துடித்தன.

“எண்ணிக்கங்க” என்றாள் செலின்.

அவர் எண்ணினார். உண்மையாகவே எண்ணினார். அப்புறம் கையை எடுத்தார்.

நோட்டை அவள் மிஷின் மேசைமேல் விரித்தாள். வாத்தியாரை எழுத விடவில்லை. அவளே எழுதினாள்: ‘எல்லாம் திரும்பி வந்தது. பல்லி உட்பட.’ அதற்குக் கீழே சுயம்புலிங்கம் கையெழுத்துப் போட்டார். பேனா முள் வளையவில்லை. பிடிக்கவே பலம் இல்லை. மொக்கைச்சாமி கைகொடுக்க ஓடி வந்தான். “வேணாம்” என்று சொல்லிவிட்டு இரும்பு மிஷினை இடுப்பில் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு, படுத்துக் கிடந்த முன்சுவரின்மேல் நடந்து போய் லாரியில் ஏற்றினாள்.

வீரபாண்டி போனது, சின்னமனூர் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் வாத்தியார் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார்.

“மிஷின் வந்துருச்சே செலின். இன்னும் என்ன கோவம்?”

“மிஷினு வந்துருச்சு.” கம்பி அறுத்த உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழம விடாமத் தச்சேன். நான் தச்சதுலயே நல்ல தையல் அதுதான். அத என் கையாலயே பிரிக்க வச்சான் பாருங்க. அதுக்கு எங்க எழுதி, யாருகிட்டக் கையெழுத்து வாங்குறது?”

“ஏத்தா, சன்னல் கம்பி சுடுது” என்றான் மொக்கைச்சாமி. கம்பம் வரை சுட்டது.

எடுத்துக் காட்டத் தயார் என்று முதலில் சொன்ன அந்த எண்பது பக்க நோட்டு இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில்கூட இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை.